காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம். லிஃப்டர், கேம் மாற்ற 5,200 டாலர் கேட்கிறார்கள். அதுதானா பிரச்சினை?

டாலஸ் டிரெய்லர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2013 மாடல் அரை டன் பிக்கப். வி8 பெட்ரோல், ஃபோர் வீல் டிரைவ், 1,46,000 மைல் ஓடியிருக்கிறது. வார இறுதியில் எங்கள் உணவு டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு இர்விங், ஃபிரிஸ்கோ பக்கம் போவோம். அடுப்பு, தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து டிரெய்லர் 6,000 பவுண்டு வரும். வண்டி நின்றால் வியாபாரமும் நின்றுவிடும். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிரைவர் பக்கம், எஞ்சினின் பின்பகுதியிலிருந்து 'டிக் டிக் டிக்' என்று சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் வேகமாகிறது. பத்து நிமிடம் ஓட்டினால் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடுகிறது. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஆயில் பிரஷர் எப்போதும் போல. ஆயிலும் குறையவில்லை.

பக்கத்தில் ஒரு ஷாப்பில் விட்டேன். பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, லிஃப்டர் (வால்வைத் திறக்க உதவும் சிறு உருளை) போய்விட்டது, அதைத் தள்ளும் கேம்ஷாஃப்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று 5,200 டாலர் எஸ்டிமேட் கொடுத்தார்கள். வேறு எதையும் கழற்றிப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம்: சிக்னலில் நின்று கிளம்பும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரே ஒரு அடி விழுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பழைய ஸ்பேனர்:

தம்பி, இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீங்க. நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. எஞ்சின் சூடானதும் சத்தம் நிக்குதுன்னா முதல்ல பார்க்க வேண்டியது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட். அதாவது எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோற குழாய்த்தொகுதியைப் பிடிச்சிருக்கிற போல்ட்.

காரணம் சொல்றேன். எஞ்சினோட மேல்பகுதியான ஹெட் அலுமினியம், அதுல மாட்டியிருக்கிற மேனிஃபோல்ட் இரும்பு. சூட்டுல ரெண்டும் ஒரே அளவு விரியாது. வருஷக்கணக்கா விரிஞ்சு சுருங்கி, மேனிஃபோல்ட் லேசா வளைஞ்சு, போல்ட்டை இழுத்துக்கிட்டே இருக்கும். கடைசியில போல்ட் தலை அறுந்து விழுந்துடும். பெரும்பாலும் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) பக்கம் இருக்கிற கடைசி போல்ட்தான் போகும். அங்க ஒரு மெல்லிசான இடைவெளி விழும், ஒவ்வொரு தடவை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் அதுவழியா காத்து வெடிச்சு வெளியே வரும். அதுதான் உங்க 'டிக்'. சூடாகி இரும்பு விரிஞ்சா இடைவெளி மூடிக்கும், சத்தம் நின்னுடும். டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு மேனிஃபோல்ட் சூடு அதிகம், அதனால சீக்கிரமே வரும். எந்த கம்பெனி வி8 ஆனாலும் பொது.

லிஃப்டர் போயிருந்தா பெரும்பாலும் சூடானாலும் தட்டிக்கிட்டே இருக்கும். கூடவே மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம போறது) வரும், எஞ்சின் உதறும், விளக்கு எரியும்.

ராத்திரி எஞ்சின் நல்லா ஆறின பிறகு டிரைவர் பக்கம் முன்சக்கரத்துக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் ஃபெண்டர் லைனரைக் கழட்டுங்க. அந்த வழியா டார்ச் அடிச்சா மேனிஃபோல்ட் நேரா தெரியும். கடைசி போல்ட் இருக்க வேண்டிய இடத்துல தலை இருக்கா, பக்கத்துல கரி படிஞ்சிருக்கான்னு பாருங்க. கைக்கண்ணாடி ஒண்ணு இருந்தா வசதி.

மிச்சிகன் உப்புச்சாலை:

அண்ணன் சொன்னது சரி. ஆனாலும் லிஃப்டர் என்ற பேச்சை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். அது உண்மையிலேயே பல வண்டிகளைப் படுத்தும் நோய். எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்து அடையாளம் மாறும்.

ஜிஎம் 5.3 என்றால், 2007 முதல் பிக்கப்களில் வந்த ஏஎஃப்எம் என்ற பெட்ரோல் சிக்கன வசதியில் பாரம் குறைவாக இருக்கும்போது 1, 4, 6, 7 என்ற நான்கு சிலிண்டர்கள் தூங்கப்போகும். அந்தச் சிலிண்டர்களின் லிஃப்டர்தான் அமுங்கி மாட்டிக்கொள்ளும். ராம் வண்டிகளின் 5.7 ஹெமியில் லிஃப்டரின் உருளை தேய்ந்து கேமின் மேடான பகுதியையும் (லோப்) தின்றுவிடும். சூடான பிறகும் ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) சத்தம் கேட்கும். இரண்டிலுமே ஹெட்டைக் கழற்றித்தான் லிஃப்டரை எடுக்க முடியும். பில் ஆயிரக்கணக்கில் போவதற்குக் காரணம் அந்த வேலைதான்.

ஃபோர்டு 5.4 டிரைட்டனில் லிஃப்டரிலிருந்து வால்வுப் பக்கம் தள்ளும் தண்டான புஷ்ராட் கொண்ட வழக்கமான அமைப்பே கிடையாது. அதில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசரின் பிரச்சினைதான் பேர்போனது, அதுவும் உங்களுக்கு நேர் எதிராக வரும்: குளிரில் அமைதி, சூடாகி ஐடிலில் நிற்கும்போது டீசல் வண்டி போலத் தட்டும். 3.5 ஈகோபூஸ்ட்டில் ஃபேசர் சத்தம் காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடி மட்டும் கரகரத்துவிட்டு நிற்கும். பத்து நிமிடம் நீடிக்காது.

கழற்றாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் 30, 40 டாலருக்கே கிடைக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் கழித்து, சத்தம் இருக்கும்போதே, இரண்டு பேங்க்கின் (எஞ்சினின் இரு பக்கச் சிலிண்டர் வரிசைகள்) ஃபியூயல் ட்ரிம்மையும், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவையும், ஒப்பிடுங்கள். ஆக்சிஜன் சென்ஸாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்து அந்தப் பக்கம் மட்டும் கூடுதலாக ஊற்றும். ஒரு பக்கம் தெளிவாக ஏறி நின்றால் கசிவுக்கு நல்ல சாட்சி. ஆனால் ஜிஎம், ராம் வண்டிகளில் பேங்க் 1 டிரைவர் பக்கம், ஃபோர்டில் பயணி பக்கம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த முறை ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளைப் பிரித்து வெயிலில் காட்டுங்கள். பளபளவென்று உலோகத் துகள் தெரிந்தால் கேம், லிஃப்டர் பக்கம் திரும்பலாம். தெரியாவிட்டால் அந்த 5,200 டாலருக்கு ஆதாரமே இல்லை.

டாலஸ் டிரெய்லர்:

லைனரைக் கழற்றிப் பார்த்தேன். கடைசி போல்ட்டின் தலையே இல்லை! ஓட்டைக்குள் ஒடிந்த தண்டு மட்டும் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அந்த போர்ட்டைச் (புகை வெளியேறும் வாய்) சுற்றிக் கறுப்பாகக் கரி, விரலில் ஒட்டுகிறது. ஸ்கேனரில் டிரைவர் பக்கம் 11 சதவீதம் காட்டுகிறது, மறுபக்கம் 2. மிஸ்ஃபயர் எதுவும் பதிவாகவில்லை.

இதற்கு எவ்வளவு கேட்பார்கள்? நானே செய்யலாமா? சரிசெய்யும்வரை ஓட்டலாமா?

பழைய ஸ்பேனர்:

கண்டுபிடிச்சாச்சு, சந்தோஷம். தனி ஷாப்புல 500லேர்ந்து 1,200 டாலர் வரைக்கும் ஆகலாம், டீலர்கிட்ட இன்னும் ஏறும். ஒடிஞ்ச தண்டு எப்படி வெளியே வருதுங்கிறதுதான் விலையைத் தீர்மானிக்கும். தண்டு கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தா அது மேல ஒரு நட்டை வெச்சு வெல்ட் பண்ணி, அந்தச் சூட்டுலயே மெதுவா திருப்பி எடுத்துடலாம். உள்ளே ஒடிஞ்சிருந்தா டிரில் பண்ணணும். டிரில் கோணலாப் போனா ஹெட் போச்சு, அதனால பழக்கமில்லாம நீங்க இறங்காதீங்க. ஷாப்புக்கு ஃபோன் பண்ணும்போதே "ஒடிஞ்ச மேனிஃபோல்ட் போல்ட்டை வெல்ட் பண்ணி எடுப்பீங்களா?"ன்னு கேளுங்க. தடுமாறினா அடுத்த கடையைப் பாருங்க.

மேனிஃபோல்ட்டை வெளியே எடுத்ததும் வளைஞ்சிருக்கான்னு நேர்க்கோல் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. வளைஞ்சதையே திரும்ப மாட்டினா புது போல்ட்டும் ஒடியும். நடுவுல கசியாம வைக்கிற கேஸ்கெட்டும் அந்தப் பக்கத்து எல்லா போல்ட்டும் புதுசு போடணும்.

கிட்டத்துல ஓட்டலாம். ஆனா டிரெய்லர் கட்டாதீங்க. கேபினுக்குள்ள புகை வாசம் வந்தா உடனே நிறுத்திடுங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, அதனால வாசம் வரலைங்கிறதை நம்பி ஜன்னலை மூடிக்கிட்டு ஐடில்ல உட்காராதீங்க. பிள்ளைகளை ஏத்துறதா இருந்தா இன்னும் கவனம்.

மிச்சிகன் உப்புச்சாலை:

அந்த 'டொக்' வேறு கதை, எஞ்சினுக்குச் சம்பந்தமில்லை. நின்று கிளம்பும்போது ஒரே அடி என்றால் பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் முன்பின் நகரும் ஸ்லிப் யோக் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கும், இல்லையென்றால் அதன் வளைந்துகொடுக்கும் இணைப்பான யூ ஜாயின்ட் தேய்ந்திருக்கும். தட்டையான இடத்தில் வீலுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பாருங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும்; ஷாப்பில் சில நூறு டாலர். ஆட்டம் இல்லாவிட்டால் யோக்கின் ஸ்ப்ளைனைத் (பல்வரிசை) துடைத்து கிரீஸ் வைத்தாலே போதும்.

வண்டிக்கே உரிய, 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வின் எண்ணை அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டு ரீகால் (குறையைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். இலவசம். 2025 ஏப்ரலில் ஜிஎம் 6.2 லிட்டர் எஞ்சினுக்காக அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2021 முதல் 2024 வரையிலான மாடல்கள். அதற்கு முந்தைய வருடம் டொயோட்டா டண்ட்ராவின் புதிய வி6 எஞ்சினுக்கும் ரீகால் வந்தது. உங்களுடையது பழைய மாடல், இவற்றில் வராது. புது வண்டி தேடும் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

டாலஸ் டிரெய்லர்:

வேலை முடிந்தது. டிரெய்லர் வேலை செய்யும் ஒருவர் சொன்ன சின்ன ஷாப்புக்குப் போனேன். நட் வெல்ட் செய்து தண்டை எடுத்தார்கள். மேனிஃபோல்ட் வளைந்திருந்ததால் புதியது போட்டார்கள். எல்லாம் சேர்த்து 890 டாலர். இன்று காலை ஸ்டார்ட் செய்து பக்கத்திலேயே நின்று கேட்டேன், சத்தமே இல்லை. யோக்கிற்கு கிரீஸ் வைத்ததில் 'டொக்'கும் நின்றுவிட்டது. அண்ணனுக்கும் மிச்சிகன் நண்பருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு கேள்வி: பயணி பக்கத்து போல்ட்டுகளையும் இப்போதே மாற்றிவிடலாமா?

பழைய ஸ்பேனர்:

சத்தம் இல்லாம, கரி இல்லாம இருந்தா கை வைக்காதீங்க தம்பி. 1,46,000 மைல் ஓடின போல்ட்டைத் திருப்பும்போதே ஒடியலாம். ஆயில் மாத்தும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க.