குடிநோய்க்கு மாலை நேரப் புறநோயாளி சிகிச்சை, மதுரையில் எங்கே?

அண்ணனுக்கு வயது 41, மதுரையில் லேத் பட்டறை வேலை. 12 வருடக் குடி. காலையில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்தான் வாய்வரை போகிறது. மார்ச்சில் தானாகவே நிறுத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஒரு தனியார் மையத்தில் 30 நாள், 45,000 ரூபாய், நகையை அடகு வைத்துக் கட்டினோம். வெளியே வந்து ஏழு வாரம்தான் தாங்கியது. இப்போது தூக்கமும் இல்லை, யாரிடமும் பேச்சும் இல்லை. அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பேசினோம். மனநல மருத்துவரை நேரில் பார்க்கச் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலையில் போனால் அன்றைய கூலி போச்சு. மனநோய்க்கும் காப்பீடு உண்டு என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். சரி, ஆனால் எங்கள் பாலிசியில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். மாதம் 3,000 ரூபாய்க்குள், மாலையிலோ ஞாயிறிலோ, மருந்தும் கவுன்சிலிங்கும் சேர்த்துத் தரும் இடம் மதுரையில் எது?