ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி சிப்: எஸ்ஓசி வோல்டேஜ் எதுவரை பாதுகாப்பு?

கேள்வி: டிடிஆர்5-6000 ராமுக்கு எக்ஸ்போ (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) போட்டதும் எஸ்ஓசி (சிப்பில் மெமரி கண்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.35 வோல்ட் காட்டுகிறது. பயாஸ் 2023 மார்ச் பதிப்பு. அப்படியே விடலாமா?

பதில் 1: கூடவே கூடாது. எஸ்ஓசிக்கு ஏஎம்டி வைத்த உச்சவரம்பு 1.3 வோல்ட். அதைத் தாண்டிய சில போர்டுகளில் 2023-ல் சிப்பின் அடிப்பகுதி உப்பி, சாக்கெட் பின்கள் கருகின. எக்ஸ்போவை அணைத்துவிட்டுப் புது பயாஸ் ஏற்றுங்கள். பிறகு எக்ஸ்போவை மறுபடி போட்டு, எஸ்ஓசியை ஆட்டோவில் விடாமல் கையால் 1.20 போடுங்கள்.

பதில் 2: ராமின் விடிடி (ராமுக்கே போகும் மின்னழுத்தம்) 1.35 என்றால் அது சாதாரணம், குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் (வோல்டேஜ், வெப்பம் காட்டும் மென்பொருள்) விடிடிசிஆர் எஸ்ஓசி, அதாவது எஸ்ஓசி வோல்டேஜ் வரி என்ன சொல்கிறது?

கேட்டவர்: 1.348.

பதில் 1: அப்படியானால் இன்றே மாற்றுங்கள். மெம்டெஸ்ட்86 (ராமைச் சோதிக்கும் மென்பொருள்) நான்கு சுற்று ஓட்டுங்கள். பிழை வந்தால் எஸ்ஓசியை 0.02 வோல்ட் ஏற்றிப் பாருங்கள், 1.25-லும் நிற்கவில்லையென்றால் ராம் வேகத்தை 5600-க்கு இறக்குங்கள்.