பொதுமுடக்கத்தின்போது கடையில் துவரம் பருப்பு ஏன் தீர்ந்தது?

கேள்வி: மேற்கு மாம்பலம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் 36 குடும்பங்கள் வசிக்கின்றன. அவற்றுள் 11 வீடுகளில் முதியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். இனி ஒரு தொற்றோ வெள்ளமோ வந்தால் மளிகைக்கு என்ன செய்வது என்று திட்டம் எழுதித் தரும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கம் என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. எழுத உட்கார்ந்தபோதுதான், 2020 கொரோனா ஊரடங்கில் நடந்தது எனக்கே சரியாகப் புரியவில்லை என்பதை உணர்ந்தேன்.

மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. அடுத்த நான்கைந்து நாள்களிலேயே எங்கள் தெருக்கடையில் துவரம் பருப்பு, கோதுமை மாவு, ரவை மூன்றும் இல்லாமல் போயின. ஆனால் அதே நாள்களில் அரசுக் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கும் மேல் அரிசியும் கோதுமையும் இருப்பதாகச் செய்தி வந்தது; ஏப்ரல் மாதத்துக்கு அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷன் பொருள்களை விலையில்லாமல் கொடுத்து, 1,000 ரூபாயும் கொடுத்தார்கள். தானியம் இருந்தது, கடை திறந்திருந்தது, எங்கள் கையில் பணமும் இருந்தது. அப்படியானால் எது இல்லாமல் போயிற்று? என் தாயார் வீட்டில் இருந்த ஒரு கிலோ பருப்பை மூன்று வாரங்களுக்கு நீட்டிச் சமைத்தார். கடைசி வாரத்தில் ரசத்தில் பருப்புத் தண்ணீர்கூட இல்லை.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். ஒரு வீடு எவ்வளவு இருப்பு வைப்பது முறை? முன்கூட்டி வாங்கி வைப்பது அடுத்தவர் பங்கை எடுப்பதாகுமா?

பதில்: ஆதம்பாக்கம் மளிகைக்காரர்

ஐயா, நான் 27 ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். பருப்பு ஊரில் இருந்தது. அதை என் கடை வரை கொண்டு வந்து சேர்க்கத்தான் ஆள் இல்லை.

நமக்கு வரும் துவரம் பருப்பில் பெரும்பகுதி கர்நாடகத்தின் குல்பர்கா, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கத்து ஆலைகளில் உடைத்து, மூட்டை பிடித்து, லாரியில் ஏற்றி அனுப்பப்படுவது. இங்கே சென்னையில் கொத்தவால் சாவடி போன்ற இடங்களில் மொத்த வியாபாரி இறக்கி வைப்பார். அங்கிருந்து சிறிய வேனில் எங்களுக்கு வரும். இந்த வழியில் மூட்டை குறைந்தது நான்கு முறை மனிதத் தோளில் ஏறி இறங்குகிறது. ஊரடங்கு அறிவித்த வாரத்தில் சுமை தூக்குபவர்களில் பலர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள், மற்றவர்கள் பேருந்து இல்லாமல் வேலைக்கு வர முடியவில்லை. லாரி வந்து நின்றாலும் இறக்க ஆள் கிடையாது. வழியில் சாப்பாட்டுக் கடை இல்லை, பஞ்சர் ஒட்டும் கடை இல்லை, திரும்பும்போது ஏற்றிச் செல்லப் பாரமும் இல்லை. இரண்டு பக்கமும் பாரம் இருந்தால்தான் லாரிக்காரருக்கு டீசல் கட்டும். சுங்கக் கட்டணத்தை ஏப்ரல் 20 வரை நிறுத்தி வைத்தார்கள், நல்லதுதான். ஆனால் ஓட்டுநருக்கு அதைவிட ஒரு வேளைச் சோறு முக்கியமாக இருந்தது.

முதல் சில நாள்கள் அத்தியாவசியப் பொருள் எது, அல்லாதது எது என்று சாலையில் நிறுத்திப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாச் சரக்கையும் வேறுபாடின்றிக் கொண்டு செல்லலாம் என்று மத்திய உள்துறை தெளிவுபடுத்தியது மார்ச் 29-இல்தான். மாவு அத்தியாவசியம் என்றால் மாவை அடைக்கும் பையும் அத்தியாவசியம் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. கோதுமை மாவு உங்கள் கடையில் காணாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இனி என் கடைக் கணக்கைச் சொல்கிறேன். சாதாரண நாளில் 12 கிலோ துவரம் பருப்பு விற்கும். அன்று என்னிடம் 50 கிலோ மூட்டை நான்கு இருந்தன. இரண்டு வாரங்களுக்கு மேல் தாங்க வேண்டிய சரக்கு. தெருவில் 60 குடும்பங்கள் வழக்கத்தைவிட மூன்று கிலோ கூடுதலாக வாங்கினார்கள். 180 கிலோ அதிலேயே போயிற்று, இரண்டே நாள்களில். அந்த 60 பேரில் ஒருவரும் பதுக்கல்காரர் இல்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் மூன்று கிலோ பெரிய அளவும் இல்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு வந்தவருக்குக் கிடைத்தது, பத்து மணிக்குக் கைத்தடியோடு வந்த பெரியவருக்குக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு ஒரு கிலோ என்று அளவு வைத்தேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

மீண்டும் சரக்கு எடுப்பதும் எளிதாக இல்லை. வழக்கமாக எனக்கு 15 நாள் கடன் கொடுத்தவர்கள் ரொக்கம் கேட்டார்கள். அவர்களுக்கும் ஆலையில் ரொக்கம்தான் கேட்டிருப்பார்கள். ஏப்ரல் 5 முதல் கடை நேரம் காலை 6 முதல் பிற்பகல் 1 மணி வரை என்று ஆனது. நான் கடையைப் பூட்டிவிட்டுக் கொள்முதலுக்குப் போகும் நேரத்தில் மொத்தக் கடையும் பூட்டியிருக்கும்.

பதில்: கோயம்பேடு மண்டிக் கணக்கர்

மளிகைக்காரர் ஐயா சொன்னதோடு காய்கறியைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டம் எழுதும்போது இரண்டையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. பருப்பு மூட்டை ஒரு மாதம் கிடங்கில் காத்திருக்கும். தக்காளிக் கூடை இரண்டு நாள் காத்திருக்காது.

1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு வந்த பிறகு, இந்த மாநகரத்தின் காய், பழம், பூ ஏறக்குறைய முழுவதும் ஒரே வளாகத்தைக் கடந்துதான் வீடுகளுக்குப் போனது. 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள்கள் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவித்தார்கள். 25-ஆம் தேதி காலையில் எங்கள் சந்தையில் நின்ற கூட்டத்தை நான் எந்தப் பொங்கலுக்கும் பார்த்ததில்லை. நெருக்கத்தைக் குறைக்க வந்த அறிவிப்பு, ஒரே நாளில் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் நெருக்கியது. தொற்று பரவி, மே 5-இல் சந்தையை மூடினார்கள். சில நாள்களில் காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. கோயம்பேட்டிலிருந்து அது 15 கிலோமீட்டருக்கும் மேல். ராயபுரத்திலிருந்து தள்ளுவண்டிக்குக் காய் எடுக்க வரும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பயணச் செலவே அன்றைய இலாபத்தைத் தின்றுவிடும். பலர் வருவதையே நிறுத்தினார்கள். தெருவில் காய்கறி குறைந்ததற்கு நான் முதலில் சொல்லும் காரணம் அதுதான். செப்டம்பர் 28-இல்தான் கோயம்பேட்டில் காய்கறிக் கடைகள் மீண்டும் திறந்தன.

2021 மே 24-இல் தளர்வில்லா ஊரடங்கு வந்தபோது ஒரு மாற்றம் இருந்தது. கடைகள் மூடியிருந்தாலும், தோட்டக்கலைத் துறையும் மாநகராட்சியும் வண்டிகளில் காய்கறியைத் தெருவுக்குக் கொண்டு வந்தன. மே 31 முதல் மளிகையும் அனுமதி பெற்ற வண்டிகளில் வந்தது. குறைகள் இருந்தன, ஆனாலும் மக்களைச் சந்தைக்கு இழுக்காமல் சந்தையைப் பிரித்து அனுப்பியது சரியான வழி என்றே நினைக்கிறேன்.

பதில்: வியாசர்பாடி தன்னார்வலர்

இருப்பு வைப்பது முறையா என்ற கேள்விக்கு என் பதில், யாரால் வைக்க முடியும் என்பதைப் பொறுத்தது. நான் பொருள் கொண்டு போய்க் கொடுத்த வீடுகளில் பல, பத்துக்குப் பத்து அறைகள். நாள் கூலியில் அன்றாடம் கால் கிலோ பருப்பும் நூறு மில்லி எண்ணெயும் வாங்குபவர்கள் அவர்கள். அவர்களுக்கு இருப்பு என்பது கடைக்காரரின் கடன் கணக்கு நோட்டுதான். மொத்த வியாபாரி ரொக்கம் கேட்டதும் அந்த நோட்டு மூடப்பட்டது. கடையில் சரக்கு வந்த பிறகும் அவர்களுக்குத் தட்டுப்பாடு தீரவில்லை.

ரேஷன் அரிசி பலரைக் காப்பாற்றியது. அதில் எனக்கு ஐயமில்லை. 2021-இல் இரண்டு தவணையாகக் கொடுத்த 4,000 ரூபாயும், 14 பொருள்கள் அடங்கிய மளிகைத் தொகுப்பும் பெரிய உதவி. ஆனால் அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளிக்கு இவை எவையும் எளிதில் எட்டவில்லை. வீட்டுக்கு ஒரு கிலோ என்ற அளவும், மளிகைக்கார ஐயா மன்னிக்க வேண்டும், எட்டுப் பேர் ஒரே அறையில் தங்கியிருந்த இடத்தில் நியாயமாக இல்லை. தலைக்கு இவ்வளவு என்று வைப்பதே பொருத்தம்.

மாம்பலம் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். 36 குடும்பங்களுக்கு எழுதும் அந்தத் திட்டத்தில், அங்கே பாத்திரம் தேய்க்க வரும் பெண்களையும் இரவுக் காவலரையும் சேர்த்து எழுதுங்கள். முதல் வாரத்தில் சம்பளமும் நின்று பருப்பும் கிடைக்காமல் தவித்தவர்கள் அவர்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வியாசர்பாடி அம்மா சொன்னது என் மனத்தில் தைத்தது. எங்கள் பட்டியலில் காவலர் இருவரும் வேலைக்கு வரும் ஒன்பது பெண்களும் இல்லவே இல்லை. இன்று சேர்த்துவிட்டேன். மளிகைக்கார ஐயாவிடம் கடைசியாக ஒன்று: எங்களைப் போன்றவர்கள் எப்போது, எப்படி வாங்கினால் உங்களுக்குச் சிரமம் இருக்காது?

பதில்: ஆதம்பாக்கம் மளிகைக்காரர்

தலைக்கு இவ்வளவு என்ற அந்தச் சகோதரியின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

வாங்குவதை அமைதியான மாதத்தில் வாங்குங்கள், ஐயா. சம்பள வாரம் முடிந்து, பத்தாம் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும் இடையில் எங்களிடம் சரக்கும் இருக்கும், நேரமும் இருக்கும். மாதம் ஒரு கிலோ கூடுதலாக எடுத்து மூன்று வாரத்துக்கான இருப்பைச் சேர்த்துவிட்டால், அறிவிப்பு வரும் நாளில் நீங்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. உங்கள் இடம் இன்னொருவருக்குக் கிடைக்கும். பழையதை முதலில் எடுத்துச் சமைத்துப் புதியதைப் பின்னால் வையுங்கள். பருப்பை வெயிலில் காயவைத்து, ஆறிய பின் காய்ந்த மிளகாய் இரண்டு போட்டு மூடினால் வண்டு எளிதில் வராது. ரவையை வறுத்து வையுங்கள்.

ஊரடங்கு வந்தால் 36 பேர் தனித்தனியாக வர வேண்டாம். முதல் நாள் இரவுக்குள் உங்கள் சங்கத்திலிருந்து ஒரே சீட்டாக, பெயரும் தலைக்கணக்கும் எழுதி அனுப்பினால், காலை ஆறு மணிக்குக் கடை திறக்கும் முன்பே என்னைப் போன்ற ஒரு கடைக்காரரால் மூட்டையைப் பிரித்துக் கட்டி வைத்துவிட முடியும். முதியவர்கள் இருக்கும் அந்த 11 வீடுகளின் பெயரைச் சீட்டின் தலையில் எழுதுங்கள்.