‘ஜெனரிக் கிளையன்ட்’: பொது வாங்கியா, இனங்காண் வாங்கியா?

> வழங்கிக்கு (சர்வர்) எதிரிணையாக வாங்கி (கிளையன்ட்) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எந்த இணையச் சேவையையும் அழைக்கவல்ல நிரலான ஜெனரிக் கிளையன்ட் என்பதற்குத் தமிழில் ‘பொது வாங்கி’ போதும்.

வாங்கி சரி. ‘பொது’தான் இடிக்கிறது, ஐயா. பப்ளிக், காமன், ஜெனரல், ஜெனரிக் நான்கையும் அந்த ஒரு சொல்லே சுமக்கிறது. 2012இல் வந்த, அணுகல் அனுமதிக்கான ஓஆத் 2.0 வரையறையில் ‘பப்ளிக் கிளையன்ட்’ என்றே ஒரு கலைச்சொல் உண்டு: தன் மறைசொல்லைக் காக்க இயலாத, உலாவியிலோ கைப்பேசியிலோ ஓடும் நிரல். ‘பொது வாங்கி’ அதற்கு உரிய பெயர். இங்கே செலவழித்துவிட்டால் அங்கே வேறு சொல் தேட வேண்டிவரும்.

அதைவிட முக்கியம், இந்த நிரல் எதனால் எல்லாச் சேவைக்கும் பொருந்துகிறது என்பது. எக்ஸ்எம்எல் (குறிச்சொல் இட்ட உரை) வடிவில் செய்தி பரிமாறுவது சோப் (SOAP) சேவை. எண்ணையும் எழுத்துச் சரத்தையும் மட்டும் கேட்கும் சோப் சேவையை எந்த வாங்கியும் அழைத்துவிடும். ஆணை எண், நாள், முகவரி, பொருள் பட்டியல் எல்லாம் சேர்ந்த ‘ஆணை’ என்ற தரவினத்தை (டேட்டா டைப்) சேவை திருப்பித் தரும்போதுதான் சோதனை. சோப் சேவைகளுக்கான ஜாவா நூலகமான அப்பாச்சி ஆக்சிஸ் 1இல் அதற்கு ஒரு ஜாவா வகுப்பை முன்பே எழுதி, ரெஜிஸ்டர்டைப்மேப்பிங் என்னும் செயற்கூறு வழியாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் ‘டீசீரியலைசர் (எக்ஸ்எம்எல்லை ஜாவாப் பொருளாக்கும் கூறு) கிடைக்கவில்லை’ என்று பதில் வரும் வேளையில் நிரல் விழும். இனப் பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிரிக்கும் பெயர்வெளி (நேம்ஸ்பேஸ்) முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் அதே பிழைதான். ஏனென்றால் அது வேறு பெயராகிவிடுகிறது. வகுப்பை முன்பே எழுதிக் கொடுத்தாக வேண்டிய நிரலைப் பொது என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு ஜாவா நூலகமான சிஎக்ஸ்எஃபின் டைனமிக் கிளையன்ட் வேறு வழியில் போகிறது. சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைப் படித்து, அதிலுள்ள ஸ்கீமாவிலிருந்து (தரவினங்களின் வரையறை) ஜாவா வகுப்புகளை ஆக்கி, தொகுத்து, ஓடும்போதே ஏற்றுகிறது. நாம் அந்த வகுப்பைப் பெயர் சொல்லிக் கேட்டு, ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே வகுப்பின் உள்ளமைப்பை அணுகும் வசதி) மூலம் புலங்களை நிரப்பி, செயலின் பெயரோடு அனுப்பினால் போதும். தொகுப்பி (கம்பைலர்) இல்லாத வெறும் ஜேஆர்இயில் (ஜாவா இயக்கச் சூழல்) இது ஓடாது. ஒவ்வோர் அழைப்புக்கும் புது வாங்கியை உருவாக்கினால் வகுப்புகள் குவிந்து நினைவகம் நிரம்பும். ஒரு டபிள்யூஎஸ்டிஎல்லுக்கு ஒன்று என்று சேமித்துவைப்பதே முறை.

ஆக, தரவினத்தை ஓடும்போது தானே கண்டறிவதுதான் இதன் உயிர். எனவே என் முன்மொழிவு ‘இனங்காண் வாங்கி’. இனங்காணுதல் நம் பேச்சிலேயே உள்ள சொல்; தரவினம் என்பதோடும் இணைகிறது.

— — —

> என் முன்மொழிவு ‘இனங்காண் வாங்கி’.

ஏற்கிறேன். எல்லையையும் சேர்த்தே வரையறுத்துவிடுவோம். ஜாவாவின் டிஸ்பேட்ச் முறையில் எக்ஸ்எம்எல்லை நாமே எழுதி அனுப்பினால் இனம் காண்பது மனிதர்தான். நிரல் வெறும் தூதுவன். அங்கே உள்ளுறுப்புகளுக்குப் பெயர்வெளி வேண்டுமா என்பதை ஸ்கீமாவின் எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் பண்பு முடிவு செய்கிறது. குறிப்பிடாவிட்டால் வேண்டாம் என்று பொருள். ஸ்கீமா சொல்வதற்கு மாறாக எழுதினால் பல சேவைகள் பிழை சொல்லாமலே புலங்களை வெற்றாக எடுத்துக்கொள்ளும். நாள் கணக்கில் தேடவைக்கும் பிழை இது. சேவைகளைச் சோதிக்கும் கருவியான சோப்யூஐ அப்படியல்ல. டபிள்யூஎஸ்டிஎல்லைப் படித்து, நிரப்ப வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி இட்டு மாதிரிக் கோரிக்கையை ஆக்கித் தருவதால் அதுவும் இனங்காண் வாங்கியே.

‘கஸ்டம் டேட்டா டைப்’ என்பதற்கும் தமிழ்ச்சொல் காண்பது மிச்சமிருக்கிறது. தனிப்பயன் என்றால் பயனருக்காக மாற்றியது என்று தொனிக்கிறது; இங்கே இனத்தை அமைத்தவர் சேவையை எழுதியவர். ‘கூட்டுத் தரவினம்’ பல புலங்கள் சேர்ந்த காம்ப்ளெக்ஸ்டைப்புக்கு மட்டுமே பொருந்தும். மூன்றே மதிப்புகள் கொண்ட ‘ஆணை நிலை’ போன்ற எளிய இனமும் சேவைக்காரர் ஆக்கியதுதானே? ‘வனை தரவினம்’ எனலாம். குயவர் வனைவதுபோல, இருக்கும் மண்ணில் புது உரு. எண், சரம் போன்று முன்பே உள்ளவற்றுக்கு எதிரிணையாக ‘உள்ளமை தரவினம்’ (பில்ட்-இன்). வனை தரவினம் வினைத்தொகை. நடுவே ‘த்’ மிகாது, பட்டியலில் ஏற்றும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.