எஸ்7-1200 பேனலில் ரிலே அவுட்புட் மாட்யூல் சேர்ப்பது: சப்ளை, காமன், ஸ்னப்பர் குறித்த ஐயங்கள்

கேள்வி: ஈடிபி பராமரிப்பு, பெருந்துறை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சாய ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சி (புரோகிராம்படி இயந்திரங்களை இயக்கும் கண்ட்ரோலர்) வரிசையைச் சேர்ந்த சிபியு 1214சி டிசி/டிசி/டிசி ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் வலப்பக்கத்தில் பிஹெச் அளவீட்டுக்காக எஸ்எம் 1231 நான்கு சேனல் அனலாக் மாட்யூல் உள்ளது. சிபியுவிலுள்ள 10 டிரான்சிஸ்டர் அவுட்புட்டுகளில் இரண்டுதான் காலியாக இருக்கின்றன. இப்போது புதிதாக எட்டு லோடுகளைச் சேர்க்க வேண்டியிருப்பதால், எஸ்எம் 1222 எட்டு ரிலே மாட்யூலை வாங்கி வைத்திருக்கிறோம்.

புதிய லோடுகள் இவை: இரண்டு அஜிடேட்டர்கள் (கலக்கிகள்), இரண்டு ஸ்லட்ஜ் பம்புகள் ஆகியவற்றின் காண்டாக்டர் (மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) காயில்கள் நான்கு, ஒரு ஹூட்டர், அமிலம் விடும் சோலனாய்டு வால்வு ஒன்று, காற்று வால்வு ஒன்று; இவை ஏழும் 230 வோல்ட் ஏசி. எட்டாவதான பிஹெச் புரோபைக் கழுவும் வால்வு மட்டும் 24 வோல்ட் டிசி. அமில வால்வு, பிஹெச் உயர்ந்திருக்கும் நேரங்களில் இரண்டு விநாடி திறந்து இரண்டு விநாடி மூடும் முறையில் இயங்கும். கழிவுநீரின் தன்மை மோசமாக இருக்கும் நாட்களில் இது இரவு பகலாக நடக்கும்.

மாட்யூலின் ரிலே காயில்களுக்கான 24 வோல்ட்டை சிபியுவின் சென்சார் சப்ளையிலிருந்தே எடுக்கலாமா, அல்லது தனி எஸ்எம்பிஎஸ் (டிசி பவர் சப்ளை) தேவையா? 230 வோல்ட் லோடுகளையும் 24 வோல்ட் வால்வையும் ஒரே மாட்யூலில் இணைக்கலாமா? ஸ்னப்பரை (காயில் அணையும்போது எழும் மின் எழுச்சியை அடக்கும் உறுப்பு) எந்த இடத்தில் போடுவது சரி? பிளாண்டை நிறுத்தாமல் மாட்யூலைச் செருக வழி உண்டா? இவற்றைத் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: பேனல் வயரிங், கோவை

எளிதானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். பிளாண்டை நிறுத்தாமல் மாட்யூலைச் செருக வழி இல்லை. எஸ்7-1200 மாட்யூல்களை மின்சாரம் இருக்கும்போது செருகவோ கழற்றவோ கூடாது; பேனலின் மெயினை மட்டுமல்லாமல், வேறு பேனலிலிருந்து கண்ட்ரோல் சப்ளை ஏதேனும் வருகிறதா என்று பார்த்து அதையும் அணைத்த பிறகே கை வைக்க வேண்டும். புதிய மாட்யூல் அனலாக் மாட்யூலுக்கு வலப்பக்கத்தில் அமரும். அனலாக் மாட்யூலின் வலப்பக்கத்தில் உள்ள பஸ் (மாட்யூல்களை ஒன்றோடொன்று இணைக்கும் உட்தொடர்பு) மூடியைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, புதியதை டின் ரயிலில் தொங்கவிட்டு ஒட்டி நகர்த்தி, கீழ் கிளிப்பை அழுத்திய பின், மேற்புறத்திலுள்ள பஸ் நாக்கை ஸ்க்ரூடிரைவர் முனையால் இடப்பக்கமாக முழுவதும் தள்ள வேண்டும். இந்த நாக்கைப் பாதி தள்ளிவிட்டு, மாட்யூல் வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். மேலும் கீழும் 25 மில்லிமீட்டர் காற்றோட்ட இடைவெளி விட்டுவிடுங்கள்.

சப்ளை கணக்கும் சிக்கலானதல்ல. 1214சி சிபியுவின் சென்சார் சப்ளை 400 மில்லி ஆம்பியர் தரும். அதிலிருந்து 14 இன்புட்டுகளுக்கு, ஒவ்வொன்றும் 4 மில்லி ஆம்பியர் வீதம் 56; அனலாக் மாட்யூலுக்கு 45; எட்டு ரிலேக்களும் ஒரே நேரத்தில் இழுத்தால், காயிலுக்கு 11 வீதம் 88; ஆக மொத்தம் 189 மில்லி ஆம்பியர்தான் ஆகிறது. பிஹெச் டிரான்ஸ்மிட்டர்களும் பிராக்ஸிமிட்டி சென்சார்களும் அதே சப்ளையில் இருந்தால் அவற்றையும் கூட்டிப் பாருங்கள். உட்புற 5 வோல்ட் பஸ்ஸில் 1600 மில்லி ஆம்பியர் இருக்கிறது. புதிய மாட்யூல் 120, அனலாக் 80 எடுப்பதால் அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டியதில்லை. கூட்டுத்தொகை 400ஐ நெருங்கினால் தனி எஸ்எம்பிஎஸ் போடலாம். ஆனால் அதன் பிளஸ்ஸையும் சென்சார் சப்ளையின் பிளஸ்ஸையும் எந்த இடத்திலும் ஒன்றோடொன்று இணைத்துவிடாதீர்கள். இரண்டு சப்ளைகளும் வோல்டேஜை நிர்ணயிக்கப் போட்டியிட்டு, ஏதாவது ஒன்று பழுதாகும். மைனஸ் மட்டும் பொதுவாக இருக்கலாம்.

நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் லோடுகளைப் பிரிப்பதுதான். இந்த மாட்யூலில் எட்டு கான்டாக்ட்டுகளும் எட்டு தனித்தனி சுவிட்சுகள் அல்ல. அவை 1எல், 2எல் என்ற இரண்டு காமன்களின் (சப்ளை வந்து சேரும் பொது முனைகள்) கீழ் இரண்டு குழுக்களாக உள்ளன. எந்த அவுட்புட் எந்தக் காமனைச் சேர்ந்தது என்பது மாட்யூலின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஒரு குழுவுக்கு 230 ஏசி, மற்றதற்கு 24 டிசி என்று பிரிக்கலாமே என்று தோன்றும். அந்த வழியை நான் விரும்புவதில்லை. கழுவும் வால்வு ஒன்றுக்காக ஒரு குழுவின் மற்ற கான்டாக்ட்டுகள் எல்லாம் 230 வோல்ட்டுக்குப் பயன்படாமல் போய்விடும். அதோடு, பின்னாளில் வேறொருவர் பேனலைத் திறந்து, காலியாக இருக்கிறதென்று அந்தக் குழுவில் ஒரு 230 வோல்ட் லைனைக் கட்டினால், 24 வோல்ட் பக்கம் முழுவதும் போய்விடலாம்.

உங்களிடம் இரண்டு டிரான்சிஸ்டர் அவுட்புட்டுகள் காலியாக இருக்கின்றனவே. ஒவ்வொன்றும் 0.5 ஆம்பியர் தாங்கும். 10 வாட் காயில்கூட 24 வோல்ட்டில் 0.42 ஆம்பியர்தான் இழுக்கும். கழுவும் வால்வை அவற்றில் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள்.

மற்றொன்றை அமில வால்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வால்வை ரிலேயில் கட்டவே கூடாது என்பேன். நான்கு விநாடிக்கு ஒரு முறை என்றால் மணிக்கு 900, நாளுக்கு 21,600 முறை ரிலே விழுந்து எழும். இந்த மாட்யூலின் ரிலேக்களுக்கு முழு லோடில், அதாவது 2 ஆம்பியரில், ஒரு லட்சம் இயக்கங்களே ஆயுள். அந்தக் கணக்கில் ஐந்து நாள்கூட வராது. வால்வு காயில் அவ்வளவு மின்னோட்டம் எடுக்காது என்பதால் அத்தனை விரைவில் போகாது என்றாலும், லோடே இல்லாமல் ஆடினாலும் ஒரு கோடி இயக்கங்களில் ரிலேயின் இயந்திர ஆயுள் முடிந்துவிடும். இடைவிடாமல் ஓடினால் அது ஏறத்தாழ 15 மாதம். ரிலே பலகையில் சால்டர் செய்யப்பட்டிருப்பதால், ஒரு ரிலே போனாலும் மாட்யூலையே மாற்ற வேண்டும். அமில வால்வின் காயிலை 24 வோல்ட் டிசி காயிலாக மாற்ற முடிந்தால் டிரான்சிஸ்டரில் நேரடியாக இணைக்கலாம்; முடியாவிட்டால் டிரான்சிஸ்டர் அவுட்புட்டிலிருந்து ஒரு எஸ்எஸ்ஆரை (நகரும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) இயக்கி, அதன் வழியாக 230 வோல்ட் காயிலுக்கு விடலாம்.

ஸ்னப்பரைப் பொறுத்தவரை, அது லோடின் அருகில், காண்டாக்டரின் ஏ1, ஏ2 முனைகளுக்குக் குறுக்கே இருப்பதே சிறந்தது. காண்டாக்டர் தயாரிப்பாளர்களே அதன்மேல் செருகக்கூடிய ஆர்சி (ரெசிஸ்டர்–கெபாசிட்டர்) பிளாக் தருகிறார்கள். ரிலே கான்டாக்ட்டுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், 100 ஓம் என்று போடுவதும் வழக்கத்தில் உண்டு. ஆனால் 50 ஹெர்ட்ஸில் அந்தக் கெபாசிட்டர் வழியாக, ரிலே திறந்திருக்கும்போதும், சுமார் 7 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். காண்டாக்டர் காயில் அதைப் பொருட்படுத்தாது. ஹூட்டரோ, எல்இடி இண்டிகேட்டரோ மங்கலாக எரியும் அல்லது முனகும். லோடைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மீட்டரை வைத்தால், அணைந்திருக்கும் அவுட்புட்டில் ஏறத்தாழ முழு 230 வோல்ட்டும் காட்டும். ரிலே ஒட்டிக்கொண்டது என்று எலக்ட்ரீஷியன் முடிவு கட்டிவிடுவார். இந்த மாதிரி நேரத்தில் டெஸ்ட் லாம்ப்தான் உண்மையைச் சொல்லும்.

பதில்: ஆட்டோமேஷன் சர்வீஸ், ஓசூர்

மேலே சொல்லப்பட்டதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ரிலே மாட்யூலையே வைத்துக்கொள்ளலாம் என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இதே எஸ்எம் 1222 வரிசையில் 24 வோல்ட் டிரான்சிஸ்டர் மாட்யூல் கிடைக்கிறது. அதை வாங்கி, டின் ரயிலில் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள செருகு வகை இன்டர்ஃபேஸ் ரிலேக்களை எட்டு வரிசையாக வைத்தால், ஒவ்வொரு ரிலேக்கும் சொந்தக் காமன் கிடைக்கும். ஒன்று பழுதானால் அதை மட்டும் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். இரவு ஷிப்டில் இருப்பவர்களாலேயே அதைச் செய்ய முடியும். பிஎல்சியின் மீது 230 வோல்ட் வயர் எதுவும் வராது என்பதும் எனக்குப் பெரிய நிம்மதி.

கழுவும் வால்வையும், டிசி காயில் போட்டால் அமில வால்வையும், டிரான்சிஸ்டரில் இணைக்கும்போது காயிலுக்குக் குறுக்கே டயோடு போட மறக்காதீர்கள். சிபியுவின் அவுட்புட்டுக்குள் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்வார்கள். அது தாங்குவது 1 வாட் வெப்பத்தை மட்டுமே. நான்கு விநாடிக்கு ஒரு முறை அணையும் காயிலின் வேலையை அதன் தலையில் கட்டுவது நியாயமல்ல. டயோடால் வால்வு மூடுவது சில பத்து மில்லிவிநாடி தாமதமாகும். இரண்டு விநாடித் துடிப்பில் அது ஒரு பொருட்டே அல்ல.

இன்னொன்று: ஸ்லட்ஜ் பம்பின் ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் புரோகிராம் அவுட்புட்டை அணைத்தாலும் பம்ப் நிற்காது. காண்டாக்டரின் ஆக்ஸிலியரி கான்டாக்ட்டை ஓர் இன்புட்டுக்குக் கொண்டுவந்து, கட்டளை போன பின் ஒரு விநாடிக்குள் காண்டாக்டர் விழவில்லை என்றால் அலாரம் தரும்படி எழுதுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பை புரோகிராமை மட்டும் நம்பி விடாதீர்கள். 1எல், 2எல் காமன்களுக்குப் போகும் 230 வோல்ட் லைனே எமர்ஜென்சி ரிலேயின் கான்டாக்ட் வழியாக வரட்டும். ஒட்டிக்கொண்ட ரிலேயையும் சேர்த்து அது அணைத்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மாட்யூல் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதால், ரிலே மாட்யூலிலேயே ஆறு லோடுகளையும், டிரான்சிஸ்டரில் இரண்டு வால்வுகளையும் கட்ட முடிவு செய்திருக்கிறேன். அமில வால்வுக்கு 24 வோல்ட் காயில் கிடைத்துவிட்டது. ஒரு விவரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான்கு மோட்டார்களின் ஸ்டார்ட்டர்களும் ஹேண்ட்–ஆட்டோ செலக்டர் சுவிட்ச்சோடு தனித்தனியாக இருக்கின்றன; ஒவ்வொன்றும் தன் சொந்த ஃபேஸிலிருந்து கண்ட்ரோல் சப்ளை எடுத்துக்கொள்கிறது. இதனால் ஏதாவது மாறுமா? புரோகிராம் டவுன்லோடு செய்யும்போது பிளாண்ட் நிற்குமா?

பதில்: பேனல் வயரிங், கோவை

நிறைய மாறும்; கேட்டது நல்லதாயிற்று. ஒரு ஸ்டார்ட்டர் ஆர் ஃபேஸிலும் 1எல் ஒய் ஃபேஸிலும் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். செலக்டரை ஹேண்டில் வைத்தால் காயில் முனைக்கு ஆர் ஃபேஸ் வருகிறது. செலக்டர் ஆட்டோ பக்கத்து வயரை முழுவதும் துண்டிக்காத வகையாக இருந்தாலோ, அந்த இரண்டு வயர்களும் டெர்மினலில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தாலோ, திறந்திருக்கும் ரிலே கான்டாக்ட்டின் ஒரு பக்கம் ஆர், மறுபக்கம் ஒய் என்று ஆகிவிடும். அப்போது அதன் குறுக்கே இருப்பது 415 வோல்ட். இந்தக் கான்டாக்ட் 250 வோல்ட் ஏசிக்கு மட்டுமே மதிப்பிடப்பட்டது. அந்த நேரத்தில் புரோகிராம் ரிலேயை மூடினால் நேரடி ஃபேஸ்–ஃபேஸ் ஷார்ட்தான். ஒரே காமனின் கீழ் இரண்டு ஸ்டார்ட்டர்களைக் கட்டிவிட்டு, ஒவ்வொன்றும் தன் ஃபேஸை அனுப்பட்டும் என்று விட்டாலும் இதே கதிதான்.

ஆகவே நான்கு ஸ்டார்ட்டர்களின் கண்ட்ரோல் சப்ளையையும் பேனலில் ஒரே கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ, குறைந்தது ஒரே ஃபேஸிலிருந்தோ எடுக்கும்படி மாற்றுங்கள். 1எல், 2எல் இரண்டுக்கும் அதே ஃபேஸே வரட்டும். அந்த வேலைக்கு நேரம் இல்லையென்றால், ஓசூர் நண்பர் சொன்ன இன்டர்ஃபேஸ் ரிலே முறைக்கு நீங்கள் போயே ஆக வேண்டும்; அப்போதும் செலக்டர் இரண்டு பக்கங்களையும் முழுமையாகப் பிரிக்கிறதா என்பதை மீட்டரின் கன்டினியூட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டவுன்லோடு பற்றி: புதிய மாட்யூலைச் சேர்த்த ஹார்டுவேர் கான்ஃபிகரேஷனை இறக்கும்போது சிபியு ஸ்டாப்புக்குப் போகும். ஸ்டாப்பில் அவுட்புட்டுகள் மாற்று மதிப்பை எடுக்குமா, கடைசி நிலையிலேயே நிற்குமா என்பதை மாட்யூலின் ப்ராப்பர்ட்டீஸில் தேர்ந்தெடுக்கலாம். எதையும் தொடாவிட்டால் எல்லாம் அணைந்துவிடும். அஜிடேட்டரை ஹேண்டில் ஓடவிட்டு வேலையைச் செய்யலாம். அமில வால்வுக்குக் கடைசி நிலையைத் தக்கவைப்பது என்ற தேர்வை ஒருபோதும் வைக்காதீர்கள். திறந்த நிலையில் ஸ்டாப் ஆனால் தொட்டி முழுவதும் அமிலமாகிவிடும்.

முகவரியையும் ஊகிக்க வேண்டாம். சிபியுவின் அவுட்புட்டுகள் கியூ1.1இல் முடிகின்றன என்பதால் புதியது கியூ1.2இல் தொடங்கும் என்று எண்ணினால் தவறு. டிஐஏ போர்ட்டல் (சீமென்ஸின் புரோகிராமிங் மென்பொருள்) டிவைஸ் வியூவில் கொடுத்திருக்கும் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். மாட்யூலின் டயக் விளக்கு பச்சையில் நிலையாக எரிய வேண்டும். பச்சையில் விட்டு விட்டு எரிந்தால் கான்ஃபிகரேஷன் இன்னும் போய்ச் சேரவில்லை. சிவப்பில் சிமிட்டினால், எல்+, எம் முனைகளில் 24 வோல்ட் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று ஸ்டோரில் இருக்கிறது, அதையே போடுகிறோம். ஒவ்வொரு காமனுக்கும் 6 ஆம்பியர் எம்சிபி போட்டால் போதுமா?

பதில்: ஆட்டோமேஷன் சர்வீஸ், ஓசூர்

காமன் 10 ஆம்பியர் வரை தாங்கும் என்பதால், காமனுக்கு அது போதும், கான்டாக்ட்டுக்குப் போதாது. ஒவ்வொரு கான்டாக்ட்டும் 2 ஆம்பியருக்கு மேல் தாங்காது. மாட்யூலுக்குள் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வால்வு காயில் ஒன்று ஈரம் இறங்கி ஷார்ட் ஆனால், எம்சிபி ட்ரிப் ஆவதற்குள் கான்டாக்ட் ஒட்டிவிடும். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ஃபியூஸ் டெர்மினல் ஒன்றை வைத்து, அதில் 2 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் போனால் எரியும் இண்டிகேட்டர் உள்ள டெர்மினலாக வாங்கினால், எந்த லைன் என்று தேட வேண்டியிராது. மோட்டார்களின் பவர் எம்சிசிபிகளை (பெரிய பிரேக்கர்கள்) அணைத்து வைத்துக்கொண்டு, டிஐஏ போர்ட்டலின் வாட்ச் டேபிளிலிருந்து ஒவ்வொரு அவுட்புட்டாகக் கொடுத்து, சரியான காண்டாக்டர்தான் இழுக்கிறதா என்று பார்த்த பிறகே பவரைப் போடுங்கள்.