பிரிட்டனில் பாகிஸ்தானியரும் வங்கதேசத்தவரும்: யார் முன்னே, எந்தக் கணக்கில்?

புள்ளிக்காரன்:
பக்கத்துத் திரியில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: பிரிட்டனில் இந்தியர்கள் மேலே போனார்கள், பாகிஸ்தானியர்கள் தேங்கிவிட்டார்கள், மதம்தான் காரணமாம். அங்கே பதில் எழுதினால் அடிதடிதான் மிஞ்சும், அதனால் தனித் திரி.

மதம்தான் காரணமா என்று சோதிக்க வேண்டுமானால் மதத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றது எது மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத் தோதான ஜோடி பிரிட்டனிலேயே இருக்கிறது. பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் இரண்டிலும் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இரண்டிலும் முதலில் வந்தவர்களில் பெரும்பங்கு, ஊரில் ஒரு மூலையிலிருந்து கிளம்பிய கிராமத்து ஆண்கள். பாகிஸ்தானியருக்கு மிர்பூர், வங்கதேசத்தவருக்கு சில்ஹெட். 2021 சென்சஸில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துப் பாகிஸ்தானியர் சுமார் 15.9 லட்சம், வங்கதேசத்தவர் சுமார் 6.45 லட்சம்.

1990களில் எந்த அட்டவணையைப் பிரித்தாலும் வங்கதேசத்தவர் கடைசி வரியில் இருப்பார்கள். இன்று 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் அவர்கள் பிள்ளைகள் வெள்ளைப் பிரிட்டிஷ் பிள்ளைகளைத் தாண்டிவிட்டார்கள். பாகிஸ்தானியப் பிள்ளைகள் வெள்ளையரை ஒட்டியே நிற்கிறார்கள். மதம் ஒன்றுதான், முடிவு மட்டும் இரண்டு. எனக்குப் புலப்படும் காரணம், பிரிட்டனில் அவர்கள் குடியேறிய ஊர். வங்கதேசத்தவரில் பாதிப்பேர் லண்டனில் இருக்கிறார்கள். பாகிஸ்தானியரில் லண்டனில் இருப்பது சுமார் 18%தான்.

மில்தெரு:
மார்க் ஷீட் சோறு போடாது நண்பரே. வீட்டையும் கையிருப்பையும் பாருங்கள்.

2016-18 அரசு வீட்டுவசதிக் கணக்கெடுப்பில் சொந்த வீட்டில் இருப்போர் பாகிஸ்தானியரில் 58%, வங்கதேசத்தவரில் 46%. அடுத்த ஆண்டையும் சேர்த்து எடுத்த நெரிசல் கணக்கில் (குடும்ப அளவுக்கு அறைகள் போதாத வீடு) வங்கதேசக் குடும்பங்கள் 24%, பாகிஸ்தானியக் குடும்பங்கள் 18%, வெள்ளைப் பிரிட்டிஷ் குடும்பங்கள் 2%. 2018 மணிக்கூலியின் இடைநிலை: வெள்ளைப் பிரிட்டிஷ் 12.03 பவுண்டு, பாகிஸ்தானியர் 10.00, வங்கதேசத்தவர் 9.60. இனச் சமத்துவ ஆய்வு அமைப்பான ரனிமீட் டிரஸ்ட் 2020-ல் போட்ட சொத்துக் கணக்கு இன்னும் மோசம். வெள்ளைப் பிரிட்டிஷ் குடும்பத்திடம் 1 பவுண்டு இருந்தால் பாகிஸ்தானியக் குடும்பத்திடம் ஏறக்குறைய 50 பென்ஸ், வங்கதேசக் குடும்பத்திடம் ஏறக்குறைய 10 பென்ஸ். ஐந்து மடங்கு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு யார் முன்னே என்கிறீர்கள்?

இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். மங்களா அணை 1967-ல் முடிந்தது. மிர்பூர் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிலம் இழந்தார்கள். ஏற்கெனவே இங்கே ஆள் இருந்த குடும்பங்கள் வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு கம்பளி மில்களுக்கு மேலும் ஆள் அனுப்பின. வெள்ளைத் தொழிலாளிகள் விரும்பாத இரவு ஷிஃப்ட் அவர்களுக்கு. மில்லைச் சுற்றி ஒட்டு ஒட்டாகக் கட்டிய பழைய தெருவீடுகள் மலிவாகக் கிடைத்தன. உள்ளாட்சி வாடகைக்குத் தரும் கவுன்சில் வீட்டுக்குப் பெயர் எழுதிக் காத்திருப்பதைவிட வாங்குவதே லேசு.

பணம்? பேங்க் கடன் கொடுக்காவிட்டால் "கமிட்டி". நம் ஊர்ச் சீட்டுதான், ஏலம் மட்டும் கிடையாது. 20 பேர் மாதம் 50 பவுண்டு போட்டால் மாதம் ஒருவர் 1,000 எடுப்பார், தள்ளுபடி இல்லை, வட்டி இல்லை. முதல் மாதம் எடுத்தவன் பாதியில் நின்றுவிட்டால் மொத்தமும் கவிழும். அதனால் பிராதரிக்குள், நம் பாஷையில் பங்காளி வட்டத்துக்குள்தான் ஆள் சேர்ப்பார்கள். அந்த முன்பணத்தில் வந்தது இந்த 58%.

புள்ளிக்காரன்:
சொத்து அட்டவணையில் ஒரு ஓட்டை இருக்கிறது. வங்கதேசக் குடும்பங்கள் பெருமளவில் வந்தது 1980களில்தான். வேலை கிழக்கு லண்டன் தையல் பட்டறைகளிலும் உணவகங்களிலும். அங்கே வாங்கும் விலையில் வீடு இல்லை, கவுன்சில் வீட்டுக்குப் போனார்கள். இன்றும் மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்கள் சமூக வாடகை வீட்டில். சந்தை வாடகையில் ஒரு பகுதிக்கு, லண்டன் நடுவில், காலத்துக்கும் இருக்கலாம் என்ற உரிமை சொத்துக் கணக்கில் பூஜ்யமாக விழும்.

கணக்காகவே போடுகிறேன், எண்கள் உதாரணத்துக்கு. கணவன், மனைவி, 14 வயதுக்குக் கீழ் மூன்று பிள்ளைகள். உதவித்தொகை எல்லாம் சேர்த்துக் கைக்கு வருவது ஆண்டுக்கு 32,000 பவுண்டு. கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸில் கவுன்சில் வீட்டுக்கு மாதம் 650 வாடகை, ஆண்டுக்கு 7,800. மிச்சம் 24,200. அதே வருமானத்தில் பிராட்ஃபோர்டு சொந்த வீட்டுக்கு மாதம் 550 மார்ட்கேஜ் (வீட்டுக்கடன் தவணை), ஆண்டுக்கு 6,600. மிச்சம் 25,400. குடும்ப அளவுக்கான எண் (எத்தனை பேர், என்ன வயது என்று பார்த்துப் போடும் எடை) 1.6, அதால் வகுத்தால் 15,125, 15,875. உங்கள் ஐந்து மடங்கு எங்கே போனது?

தேன்மொழி_லெஸ்டர்:
புள்ளிக்காரன் சார், கணக்கு தப்பு. வறுமைப் புள்ளிவிவரத்தில் வீட்டுச் செலவு என்று கழிப்பது வாடகையை முழுதாக, மார்ட்கேஜில் வட்டியை மட்டும். அசலைக் கழிக்க மாட்டார்கள், அது சேமிப்பு என்று கணக்கு. அந்த 550-ல் வட்டி 250 என்றால் ஆண்டுக்கு 3,000தான் கழியும். மிச்சம் 29,000, வகுத்தால் 18,125. கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர் 3,000 பின்னால். அதே குடும்பம் லண்டனில் தனியார் வாடகைக்கு மாதம் 1,900 கொடுத்தால் 5,750. பிள்ளைகள் வளர்ந்து தனியே போகும்போது அவர்களுக்குக் கிடைப்பது இந்தத் தனியார் வாடகைதான், அப்பாவின் கவுன்சில் வீடு இல்லை.

மில்தெருவும் துள்ள வேண்டாம். நீங்கள் காட்டிய மணிக்கூலி வேலையில் இருப்பவரின் சம்பளம், குடும்பத்தின் வருமானம் இல்லை. இரண்டு சமூகத்திலும் குடும்பம் பெரிது. வீட்டுச் செலவு கழிக்கும் முன் போடும் எடை இப்படி: முதல் பெரியவருக்கு 0.67, அடுத்த ஒவ்வொரு பெரியவருக்கும் 0.33, 14 வயதுக்குக் கீழ் ஒவ்வொரு பிள்ளைக்கும் 0.20. தாத்தா பாட்டி, கணவன் மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் 2.26. அந்த ஏழு பேர் வீட்டில் 45,200 வருவதும் இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் 20,000 வருவதும் ஒன்று. வெளியிலிருந்து பார்க்கிறவன் "45 ஆயிரம் வருகிறதே" என்பான்.

சும்மாபடிப்பவன்:
நடுவில் ஒரு சந்தேகம். இந்தக் கணக்குகளில் நம் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்?

தேன்மொழி_லெஸ்டர்:
சிதறிக் கிடக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் "இந்தியர்" கட்டத்தில் டிக் போடுவார். இலங்கைத் தமிழருக்குக் கட்டம் இல்லை, "வேறு ஆசியர்" என்பதில் போட்டுக் கீழே கையால் எழுத வேண்டும். அதே கட்டத்தில் நேபாளியும் இருப்பார், பிலிப்பினோவும் இருப்பார். "வேறு ஆசியர்" சராசரியை எடுத்து ஈழத்தமிழர் நிலை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

மில்தெரு:
மார்ட்கேஜ் திருத்தத்துக்கு நன்றி, என் பக்கம் விழுந்தது. இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஊர் என்கிறாரே புள்ளிக்காரன், ஊர் என்றால் என்ன? லண்டன் தண்ணீரில் மூளை வளருமா? 1997-ல் டவர் ஹாம்லெட்ஸ் நாட்டின் 149 கல்வி நிர்வாகங்களில் 149-ஆவது. ஐந்து பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் நான்கில் ஒருவர்தான். அதற்குப் பிறகு நடந்தது காசு. லண்டன் பள்ளிகளை உயர்த்தும் அரசுத் திட்டமான லண்டன் சேலஞ்ச் 2003 முதல் 2011 வரை ஓடியது. தலைக்குத் தலை பார்த்தால் பிராட்ஃபோர்டு பள்ளிகள் அந்தப் பணத்தைக் கனவில்கூடப் பார்த்ததில்லை. 1999-2000-ல் அங்கே மூன்றடுக்குப் பள்ளி முறையை இரண்டடுக்காக உடைத்துப்போட்டார்கள், தூசி அடங்கும் முன் 2001-ல் கல்வி நிர்வாகத்தையே ஒரு தனியார் நிறுவனத்திடம் பத்தாண்டுக்குக் கொடுத்தார்கள். இதில் பாகிஸ்தானியர் குற்றம் என்ன?

புள்ளிக்காரன்:
குற்றம் என்று நான் எங்கே சொன்னேன்? ஊர் என்று நான் சொல்வதும் அதைத்தான், நீங்களே என் வக்கீல் வேலையைப் பார்க்கிறீர்கள். பணம் மட்டும் இல்லை. டவர் ஹாம்லெட்ஸில் பள்ளிவாசல்களையும் சேர்த்துக்கொண்டு வருகைப்பதிவைப் பிடித்தார்கள். பள்ளி நடக்கும் மாதத்தில் ஆறு வாரம் சில்ஹெட் போய்விட்டு வந்தால் பிள்ளைக்கு அரைப் பருவம் போய்விடும். அதைப் பெற்றோரிடம் அவர்கள் மொழியில் சொல்ல ஆள் போட்டார்கள். இன்னொன்று வேலைச்சந்தை. 1991-ல் கேனரி வார்ஃப் அலுவலகக் கோபுரம் திறந்தது அதே டவர் ஹாம்லெட்ஸ் எல்லைக்குள். பிராட்ஃபோர்டு நகர மையத்தில் ரயில் நிலையம் இரண்டு, இரண்டும் முட்டுச்சந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்டவாளம் கிடையாது. மில் மூடிய பிறகு அங்கே மிஞ்சியது மினிகேப், அதாவது முன்பதிவு வாடகைக் கார் ஓட்டுவது.

மில்தெரு:
கோபுரம் பக்கத்தில் இருந்தால் உள்ளே விட்டுவிடுவார்களா? அரசின் சமூக முன்னேற்ற ஆணையம் (Social Mobility Commission) 2016-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது: பாகிஸ்தானிய, வங்கதேசப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், பள்ளியில் ஜெயிக்கிறார்கள், அந்த வெற்றி வேலையிலும் சம்பளத்திலும் அதே அளவுக்கு வருவதில்லை. 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டு நஃபீல்ட் கல்லூரி ஆய்வாளர்கள் பெயரை மட்டும் மாற்றி ஒரே மாதிரி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளைப் பெயர் பெறும் அதே எண்ணிக்கைப் பதில்கள் கிடைக்க, பாகிஸ்தானியப் பெயர் 70% அதிகம் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. "இதோ சாதிக் கான், பஸ் டிரைவர் மகன், லண்டன் மேயர்" என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். ஒரு மேயரை வைத்துப் பதினாறு லட்சம் பேரை அளக்க முடியாது.

தொழிலிலும் வங்கதேசத்தவர் நிலை இறுக்கம்தான். "இந்தியன் ரெஸ்டாரன்ட்" என்று போர்டு மாட்டியதில் பெரும்பாலானது சில்ஹெட்காரருடையது. 2011 ஜனவரியிலிருந்து வாட் 20%. அரிசி, கோழி, காய்கறிக்கு வாட் பூஜ்யம், அதனால் வாங்கும்போது கட்டிய வரி என்று திரும்பப் பெற ஒன்றுமே இல்லை. 12 பவுண்டுக்கு ஒரு தட்டு விற்றால் 2 பவுண்டு அப்படியே வரிக்கு. மிச்ச 10-ல் சரக்கு, வாடகை, காஸ், சமையல்காரர் சம்பளம். ஊரிலிருந்து சமையல்காரரைக் கூட்டிவர விசா விதிகள் இடிக்கும். மகனோ பட்டம் வாங்கிவிட்டான், அடுப்படிக்கு வரமாட்டான்.

புள்ளிக்காரன்:
மகன் அடுப்படிக்கு வரவில்லை என்பதுதானே நான் சொல்லும் முன்னேற்றம்! மினிகேப்பில் என்ன வாழுதாம்? லைசென்ஸ், இன்சூரன்ஸ், வண்டித் தவணை எல்லாம் தன் தலையில், பதவி உயர்வு என்ற ஒன்றே கிடையாது. செயலி மூலம் ஓட்டுகிறவருக்குக் குறைந்தபட்சக் கூலியும் விடுமுறைச் சம்பளமும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2021 ஆகிவிட்டது.

தேன்மொழி_லெஸ்டர்:
இரண்டு பேரும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. இரண்டு சமூகத்திலும் வேலைக்குப் போகும் பெண்கள் நாட்டுச் சராசரிக்குக் கீழே. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் ஒரே சம்பளம் என்றால் எந்த ஊராக இருந்தாலும் 1.6-ஆல் வகுபடும்.

கல்யாணத்தையும் பேச வேண்டும். துணையை ஊரிலிருந்து கூட்டிவந்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெற்றோர் புதிதாக வந்தவர். மொழி, வேலை எல்லாம் அவருக்கு முதலிலிருந்து. 2012 ஜூலையில் இந்தத் துணை விசாவுக்கு 18,600 பவுண்டு வருமானம் காட்டச் சொன்னார்கள், 2024 ஏப்ரலில் அது 29,000 ஆனது. நீங்கள் சொன்ன 10 பவுண்டு மணிக்கூலியில் வாரம் 37 மணி நேரம் பார்த்தாலும் ஆண்டுக்கு 19,240தான். பழைய வரம்பைத் தொடலாம், புதியதைத் தொட முடியாது. பிராட்ஃபோர்டில் 2007-ல் தொடங்கிய குழந்தைப்பேறு ஆய்வில் பாகிஸ்தானிய வம்சாவளித் தாய்மாரில் சுமார் 60% பேர் உறவுமுறையில் திருமணம் செய்தவர்கள். 2016-19-ல் சேர்ந்த அடுத்த தொகுதியில் 46%. படிப்பும் காரணம், விசாவும் காரணம். அத்தை மகன், மாமன் மகள் கட்டும் நாம் இதில் உபதேசம் செய்ய வேண்டாம்.

லண்டனுக்கும் ஒரு விலை உண்டு. கொரோனா இரண்டாம் அலையில் வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகும் வங்கதேச ஆண்களின் இறப்பு விகிதம் வெள்ளைப் பிரிட்டிஷ் ஆண்களைப் போல் 5 மடங்கு, பாகிஸ்தானிய ஆண்களுக்கு 3.4 மடங்கு. அந்த 24% நெரிசலுக்கும் அதில் பங்கு உண்டு.

ஊரா, சமூகமா என்று தீர வேண்டுமானால் பிராட்ஃபோர்டையும் டவர் ஹாம்லெட்ஸையும் ஒப்பிட்டு மாளாது. மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கும் ஓல்டமுக்குப் போங்கள். 2021-ல் அங்கே பாகிஸ்தானியர் 13.5%, வங்கதேசத்தவர் 9%. அதே கவுன்சில், அதே மூடிய பஞ்சு மில்கள். அங்கேயும் வங்கதேசப் பிள்ளைகள் முன்னே இருந்தால் புள்ளிக்காரன் வாதம் சாய்ந்தது.

புள்ளிக்காரன்:
நியாயமான சோதனை. கல்வித்துறையின் ஜிசிஎஸ்இ அட்டவணை மாவட்டவாரியாக இனப்பிரிவோடு கிடைக்கும். ஓல்டம் வரியை ஐந்து ஆண்டுக்கு எடுத்து இங்கே போடுகிறேன். ஒரு ஆண்டை மட்டும் எடுத்தால் பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு, ஆடும்.

மில்தெரு:
2020, 2021 இரண்டையும் விட்டுவிடுங்கள். கொரோனாவில் ஆசிரியர் போட்ட மதிப்பெண் அது. ஏழ்மையால் இலவச மதிய உணவு வாங்கும் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துப் போடுங்கள். அதைக் கலந்து போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.