நம்ம எழுதின ஸ்கார்ஃப், நெக் வார்மர் பேட்டர்னை வேற ஒருத்தர் பின்னினப்போ என்ன நடந்துச்சு? உங்க அனுபவம் சொல்லுங்க

குன்னூர்ப் பொண்ணு:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இன்னிக்கு மழை, கரண்டும் இல்ல, போன்ல சார்ஜ் இருக்குறவரைக்கும் எழுதிடறேன்.

எங்க அம்மாவுக்கு பின்னல் மொத்தமும் விரல்லதான் இருக்கு, ஒரு காகிதத்துல கூட எழுதி வெச்சது கிடையாது. ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய கேத்தி ஊசி வெச்சிருக்காங்க. போனி ஊசின்னு வெளிநாட்டுக்கெல்லாம் போகுதே, அது இங்க நம்ம நீலகிரியில கேத்தி ஃபாக்டரியில செய்யறதுதான். சாம்பல் கலர் அலுமினியம், தலையில குமிழ், அதுல நம்பர். சின்ன வயசுல "8 நம்பர் எடு, 60 லூப் போடு, ஒரு சாண் வந்ததும் எங்கிட்ட காட்டு" அவ்வளவுதான் பாடம். நான் அப்படியேதான் கத்துக்கிட்டேன்.

மூணு வருஷம் முன்னாடி அம்மாவோட கல்யாணப் புடவையை வெயில்ல போடறப்ப பார்டர்ல இருக்குற தாழம்பூ ரேக்கை, அதான் வரிசையா வர்ற கூர் முக்கோணங்களை, பார்த்து இதை தலை வழியா மாட்டற ஒரு நெக் வார்மர்ல கொண்டு வந்தா என்னன்னு தோணுச்சு. கணக்கு நோட்டுல கட்டம் போட்டு 12 லூப்புக்கு ஒரு ரேக்கு வெச்சேன். முதல் ரெண்டு வரி 11 அரக்கு 1 மஞ்சள், அடுத்த ரெண்டு வரி 9 அரக்கு 3 மஞ்சள், அப்புறம் 7க்கு 5, இப்படியே அரக்கு குறைஞ்சு மஞ்சள் ஏறி கடைசி ரெண்டு வரி 1 அரக்கு 11 மஞ்சள். 12 வரியில ஒரு ரேக்கு கூரா முடியும். பின்னி முடிச்சப்ப புடவைக் கரையேதான், அம்மா தடவித் தடவிப் பார்த்தாங்க.

அதை எழுதி நாலு பேருக்கு குடுக்கலாம்னு ஆசை வந்துச்சு. 108 லூப், 9 ரேக்குன்னு எழுதினேன். என் கைக்கு 10 சென்டிமீட்டருக்கு 22 லூப் வரும், அதனால சுத்தளவு 49 சென்டிமீட்டர், கழுத்துக்கு தாராளம்தானே. பெங்களூர்ல ஒரு தோழி ஆசையா ரெண்டு வாரம் உக்காந்து பின்னி முடிச்சு வீடியோ கால் பண்ணா. தலை வழியா மாட்டினா நெத்தியிலயே நிக்குது, இறங்கவே மாட்டேங்குது. ரிப்பா, அதாவது மேடு பள்ளமா கோடு கோடா, பின்னினா இழுத்தா இழுபடும், ஆனா ரெண்டு கலர் நூல் சேர்த்துப் பின்னினா உள்பக்கம் ஓடற நூல் பிடிச்சுக்கும், துணி அப்படியே விறைப்பா இருக்கும். பெரியவங்க தலை 56, 57 இருக்கும், அது 49க்குள்ள எப்படிப் போகும்? நான் போட்டுப் பார்த்தது என் ஏழு வயசுப் பொண்ணுக்கு. பெரியவங்களுக்குன்னு எழுதிட்டு ஒரு பெரியவங்க தலையில கூட மாட்டிப் பாக்கலை. அவ ஒரு வார்த்தை கோவமா சொல்லலை, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

132 லூப், 11 ரேக்கு, 60 சென்டிமீட்டர்னு திருத்தி மறுபடி குடுத்தேன். இந்த தடவை அமெரிக்காவுல மினசோட்டாவுல இருக்குற ஒருத்தங்க பின்னாங்க, அவங்களுக்கு வந்தது 73 சென்டிமீட்டர், கழுத்துல நிக்காம தோள்ல போய் படுத்துக்கிச்சு. நூலும் சரி, லூப்பும் சரி. ரெண்டு நாள் யோசிச்சப்புறம்தான் ஊசி நம்பர் கேட்டேன். "நீங்க சொன்ன 8தான்"னாங்க. எங்க டின்ல இருக்குற 8 பழைய பிரிட்டிஷ் கணக்கு, அது 4 மில்லிமீட்டர். அமெரிக்க 8 வந்து 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் கணக்குல நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், அமெரிக்காவுல நம்பர் ஏற ஏற தடிக்கும், நம்ம 10 நம்பர் 3.25, அவங்க 10 நம்பர் 6. அம்மா காலத்துல இருந்து வீட்டுக்குள்ள ஒரே டின், அதனால 8னா எல்லாருக்கும் ஒரே 8தான்னு இருந்துட்டேன். இப்ப மில்லிமீட்டர் மட்டும்தான் எழுதறேன், கூடவே 10 சென்டிமீட்டருக்கு எத்தனை லூப், எத்தனை வரின்னும், பின்னி நனைச்சு காய வெச்சப்புறம் அளந்த அளவுன்னும் எழுதிடறேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்ல. நீங்க எழுதினதை வேற கை பின்னினப்போ என்ன தெரிஞ்சுச்சுன்னு சொல்லுங்க, இப்ப நாலாவது தடவை திருத்திட்டு இருக்கேன், சேர்த்துக்கறேன்.

நாகை அலை:

எனக்கு நடந்தது கொஞ்சம் வேற மாதிரி. சொந்த ஊர் நாகப்பட்டினம், படிக்க வந்து இப்ப ஸ்காட்லாந்துல அபர்தீன்ல வேலை. முதல் குளிர்காலத்துல ஊர் ஞாபகம் ரொம்ப வந்து கடல் அலை மாதிரி ஒரு ஸ்கார்ஃப் பின்னணும்னு உக்காந்தேன். ஒரு இடத்துல ரெண்டு ரெண்டு லூப்பா சேர்த்துக் குறைச்சா துணி அங்க கீழ இறங்குது, பக்கத்துல நூல் சுத்தி ஓட்டை விட்டு ஏத்தினா மேல எழும்புது, அப்படியே வரி வரியா அலை. பல ராத்திரி அவுத்து அவுத்துப் பின்னி 18 லூப், 4 வரின்னு கணக்கு வந்துச்சு. "நாகை அலை"ன்னு பேர் வெச்சு என் சொந்த டிசைன்னு எழுதி எல்லாருக்கும் குடுத்துட்டேன்.

அடுத்த வருஷம் ஷெட்லாந்து தீவுக்குப் போனேன், அபர்தீன்ல சாயங்காலம் கப்பல் ஏறினா காலையில அங்க லெர்விக் ஊர். கப்பல்ல பக்கத்து சீட்ல ஒரு வயசான அம்மா என் ஸ்கார்ஃபையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் மெதுவா நுனியைப் பிடிச்சு விரலால எண்ணினாங்க. மூணு தடவை ரெண்டு சேர்த்து, ஆறு ஓட்டை, மறுபடி மூணு தடவை ரெண்டு சேர்த்து. "ஓல்ட் ஷேல்"னாங்க. அவங்க பாட்டி சால்வையில இருந்ததாம், அந்தத் தீவுல எத்தனையோ தலைமுறையா பின்னறாங்களாம், ஷெல்லுங்கற வார்த்தையை அவங்க ஊர்ப் பேச்சுல சொல்றதுதான் ஷேலாம். மறுநாள் லெர்விக் மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி அதே அலை. எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு, ஊருக்குப் போன உடனே பேட்டர்னை எடுத்துடணும்னு நினைச்சேன்.

ஆனா அந்த அம்மா கப்பல்லயே இன்னொண்ணு கேட்டிருந்தாங்க, ரெண்டு நுனியிலயும் அலை ஒரே மாதிரி வெளிப்பக்கம் பார்க்குதே அது எப்படின்னு. ஒரு நுனியில ஆரம்பிச்சு நேரா பின்னிட்டுப் போனா ஒரு பக்கம் அலை வெளிய போகும், மறுபக்கம் உள்ள போகும், அதனால அங்க ரெண்டு பாதியா பின்னி நடுவுல ஊசியால லூப்புக்கு லூப் கோத்துடுவாங்களாம். நான் நடுவுல, அப்புறம் உருவி எடுத்துடற கழிவு நூல் போட்டு ஆரம்பிச்சு அங்கேர்ந்து ரெண்டு பக்கமும் பின்னியிருந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு நோட்டுல குறிச்சுக்கிட்டாங்க. இப்ப என் பேட்டர்ன்ல முதல் வரியிலயே ஸ்டிச் ஷெட்லாந்து ஓல்ட் ஷேல்னு எழுதிட்டேன், அளவும் நடுவுலேர்ந்து ஆரம்பிக்கற முறையும் நான் போட்டதுன்னு தனியா எழுதினேன். பேரை மட்டும் மாத்தலை, அலை எனக்கு நாகைதான்.

எலிசபெத் சிம்மர்மன்னு அமெரிக்காவுல பெரிய பின்னல்காரங்க இருந்தாங்க, 1999ல இறந்துட்டாங்க. பின்னல்ல தானா ஒண்ணு கண்டுபிடிச்சா அதை இன்வென்ட்னு சொல்லாம "அன்வென்ட்"னு சொல்வாங்க, எங்கயோ ஒருத்தர் முன்னாடியே பின்னியிருப்பாங்கன்னு. எனக்கு அந்த வார்த்தை ரொம்ப ஆறுதலா இருந்துச்சு.

ஸ்காபரோ அன்ரி:

பிள்ளையள், நல்ல விசயம் தொடங்கியிருக்கிறீங்கள். நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். இஞ்ச சின்னப் பிள்ளையளுக்கு நீட்டு ஸ்கார்ஃப் கட்டி விடாதேங்கோ எண்டு டேகெயாரிலயே சொல்லுவினம், ஹெல்த் கனடாவும் அதைத்தான் சொல்லுது. சறுக்கி விளையாடேக்க ஸ்கார்ஃப் எங்கயும் கொழுவுப்பட்டா கழுத்தை இறுக்கிப்போடும், நெக் வார்மர் போட்டா அந்தப் பயம் இல்லை. அதுதான் நான் என்ர பேரப்பிள்ளைக்கு ரிப்பில ஒண்டு பின்னி, முன்னுக்கு நெஞ்சு மூடுற மாதிரி ஒரு துண்டு கீழ இறக்கி விட்டனான், ஜக்கெற்றுக்குள்ள போகும், காத்து அடிக்காது. கேட்ட தாய்மாருக்கெல்லாம் ஒரு தாளில எழுதிக் குடுத்தன்.

ஒரு தாய் நல்ல விலை குடுத்து சுத்தக் கம்பளி நூல் வாங்கி வடிவா பின்னினவா. ஒரு கிழமையால அழாத குறையாக் கொண்டு வந்து காட்டினா. மெசினில சுடுதண்ணியில தோச்சு ட்ரையரிலயும் போட்டிட்டா, சுருங்கி இறுகி சிரட்டை மாதிரி வந்திட்டுது, ஒரு லூப்பும் தெரியேல்லை. கம்பளி மயிரில செதில் இருக்கு, சூடும் அலசலும் பட்டா ஒண்டோட ஒண்டு கொழுவி இறுகிப் போகும், சூப்பர்வாஷ் எண்டு போட்ட நூல்தான் மெசினைத் தாங்கும். எனக்கு அது தெரியும், ஆனா நான் தாளில "கம்பளி நூல்" எண்டு மட்டும்தான் எழுதினனான். கைக்குழந்தையோட வேலைக்கும் போற பிள்ளை எப்பிடிக் கையால தோய்க்கிறது? அதை நான் எல்லோ யோசிச்சிருக்க வேணும். நூல் வாங்கித் திரும்ப நானே பின்னிக் குடுத்தன். சுருங்கினதை அந்தச் சின்னன் தன்ர பொம்மைக்குப் போட்டுக்கொண்டு திரிஞ்சுது. இப்ப என்ர தாளில முதல் வரியே தோய்க்கிற விதம்தான்.

கோவை நூல்கண்டு:

அன்ரி சொன்னது படிச்சதும் எனக்கும் எழுதணும்னு தோணுச்சுங்க. நான் போட்ட ஸ்கார்ஃப் பேட்டர்ன் முழுக்க சார்ட்டுதானுங்க, கட்டம், புள்ளி, சாய்கோடு. சார்ட் பார்த்தா எல்லாருக்கும் ஈஸிதானேன்னு எழுத்துல ஒண்ணும் எழுதல. ஒரு நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சுங்க, கண் தெரியாத ஒரு அக்கா, முப்பது வருஷமா பின்னறாங்களாம். "கண்ணு, உன் ஸ்கார்ஃப் ரொம்ப நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, என் போன் அதைப் படிக்கறப்ப இமேஜ், இமேஜ்னு மட்டும் சொல்லுது, எனக்கு வரி வரியா எழுதித் தர முடியுமா"ன்னு கேட்டாங்க.

உக்காந்து 24 வரியும் எழுதி அனுப்பினேன். மறுபடி வாய்ஸ் வந்துச்சு. நான் போட்ட ஸ்டார் குறியை போன் "ஸ்டார் ஸ்டார்"னு படிக்குது, எங்க ஆரம்பிச்சு எங்க திரும்பணும்னு குழம்புதுன்னாங்க, ரெண்டு லூப் சேர்த்துப் பின்னறதை கே2டாக்னு சுருக்கி எழுதினதையும் எழுத்து எழுத்தா படிக்குதாம். அதனால "ரெண்டு லூப் சேர்த்து பின்னவும், இதை ஆறு தடவை செய்யவும்"னு முழுசா எழுதி, ஒவ்வொரு வரி கடைசியிலயும் "இப்ப ஊசியில 49 லூப் இருக்கணும்"னு சேர்த்தேன். அவங்க விரல்ல எண்ணிக்கிட்டே போய் 17வது வரியில நிறுத்திட்டாங்க. "கண்ணு இங்க 49 வரல, 48தான் வருது." சார்ட்டைப் போய் பார்த்தா ஒரு ஓட்டைக் குறி விட்டுப்போச்சுங்க. அதுக்கு முன்னாடி கண்ணால பார்த்து பதினோரு பேர் பின்னியிருக்காங்க, ஒருத்தரும் சொல்லல, அவங்கவங்களே ஒரு லூப் ஏத்திட்டு போயிருக்காங்க போல. இப்ப எது போட்டாலும் முதல்ல அந்த அக்காவுக்குத்தான் போகுதுங்க.

மதுரை ஊசி:

நான் சுருக்கமா சொல்லிடறேன். என் நெக் வார்மர் பேட்டர்னை ஒரு தங்கச்சி 50 ரூபாய்க்கு வித்துட்டு இருந்துச்சு, என் போட்டோவோட. வயிறு எரிஞ்சுச்சு. கேட்டா அந்தப் பொண்ணுக்கு வாட்ஸ்அப்ல நாலாவது கையா வந்திருக்கு, பேர் இருந்த முதல் பக்கமே இல்ல, யாரோடதும் இல்லன்னு நினைச்சிருக்கு. மன்னிப்பு கேட்டு எடுத்துடுச்சு. ஸ்டிச் யாருக்கும் சொந்தம் இல்லதான், ஆனா நாம உக்காந்து எழுதின குறிப்பு, வரைஞ்ச சார்ட், எடுத்த போட்டோ நம்மளோடது, 1957 காப்பிரைட் சட்டத்துலயே அதுக்குப் பாதுகாப்பு இருக்கு. எல்லாப் பக்கத்துலயும் அடியில பேரும் தேதியும் போடுங்க, எத்தனாவது திருத்தம்னும் போடுங்க. பழைய தப்பான காப்பிதான் அதிகமா சுத்தும்.

குன்னூர்ப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. கோவை நூல்கண்டு சொன்ன மாதிரி வரி வரியா எழுதிட்டேன், அன்ரி சொன்னது முதல் வரியில வந்துடுச்சு. நூல் எவ்வளவு வேணும்னு ரெண்டு பேர் தனியா கேட்டீங்க. சமையல் தராசுல எடை போட்டேன், அரக்கு 64 கிராம் ஆச்சு, என் நூல் 100 கிராமுக்கு 220 மீட்டர், அப்ப 141 மீட்டர். எல்லார் கையும் ஒரே மாதிரி இருக்காது, 155 மீட்டர் வெச்சுக்கோங்க. மஞ்சள் ஒரு 25 கிராம் உருண்டையே போதும்.

இன்னொண்ணு. எழுதினதை பிரிண்ட் எடுத்து நேத்து அம்மா கையில குடுத்தேன். பேப்பர் பார்த்து அம்மா பின்னி நான் பார்த்ததே இல்ல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா வாய்விட்டுப் படிச்சு பின்னினாங்க, நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், ஒண்ணும் சொல்லித் தரக்கூடாதுன்னு. முதல் ஆறு வரி கடகடன்னு போச்சு. ஏழாவது வரியில ஊசியை மடியில வெச்சுட்டாங்க.

"ஏண்டி, கீழ மஞ்சள் நூல் பின்னாடி நீளமா ஓடுது, நடுவுல ஒரு தடவை சுத்திப் பிடிச்சுக்கன்னு ஆறு வரிக்கும் எழுதியிருக்கே. மேல போனா அரக்குல்ல நீளமா ஓடும்? அங்க ஏன் எழுதலை? மாட்டறப்ப விரல் மாட்டி இழுத்துடுமே."

ஏழாவதுல 7, ஒன்பதாவதுல 9, பதினொண்ணாவதுல 11 லூப் அரக்கு நூல் சும்மா தொங்கும். என் கை தானா பிடிச்சுட்டுப் போயிருக்கு, எழுதறப்ப வரலை. அதனால ஏற்கனவே பேட்டர்னை டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கறவங்க 7லேர்ந்து 12 வரைக்கும் மஞ்சள் பின்னறப்ப நடுவுல ஒரு தடவை அரக்கு நூலைச் சுத்திப் பிடிச்சுக்கோங்க. திருத்தினது நாளைக்குப் போடறேன், அம்மா இன்னும் மேல் ரிப் முடிக்கலை.